மாங்கொட்டைக்குள் ஒரு வெண்ணெய்

மாங்கொட்டையிலும் எண்ணெய் உண்டா, உண்டென்றால் அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார். உண்டு, ஆனால் நிழலில் கெட்டியாகவே இருக்கும் அந்த வஸ்துவை வெண்ணெய் என்பதே பொருத்தம். ஓட்டை உடைத்து உலர்த்திய பருப்பில் சுமார் 7 முதல் 15 சதவிகிதமே கொழுப்பு இருப்பதால், எள்ளைப்போலச் செக்கிலிட்டு ஆட்டினால் கூலிக்குக் கட்டாது; ஹெக்ஸேன் போன்ற கரைப்பானைக் கொண்டே பெரும்பாலும் பிரித்தெடுக்கிறார்கள்.

அதன் பெரும் பகுதி ஸ்டியரிக், ஒலியிக் என்னும் இரு அமிலங்களே. ஸ்டியரிக் அமிலம், நிறைகொழுப்பு இனத்தைச் சேர்ந்ததாயினும், பனையெண்ணெயின் பால்மிட்டிக் அமிலத்தைப்போல ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றுவதில்லை. சிக்கடிக்காமல் காக்கும் டோகோபெரால்களும், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கவல்ல தாவர ஸ்டெரால்களும் சொற்ப அளவில் கலந்திருக்கின்றன. அந்தச் சொற்பத்தைப் பெரிதாக்கி, இதைப் பூசினால் முதுமையே அண்டாது என்று டப்பாவின்மேல் அச்சிடுகிறவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை.

என்னை வசீகரித்த விசேஷம் வேறு. கொழுப்பின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் மூன்று அமிலங்கள் கிளிசரினைப் பற்றிநிற்கும்; இவ்வெண்ணெயில் மிகுதியாக உள்ள மூலக்கூறு, வளைந்த ஒலியிக்கை நடுவிலும் நேரான ஸ்டியரிக்கை இருபுறமும் கொண்டது. அடுப்படியில் விறகு அடுக்கும் என் பாட்டி, நேர்க்கட்டைகளை நேர்க்கட்டைகளோடும் கோணல்களைக் கோணல்களோடும் சேர்த்து இடைவெளியின்றி வைப்பாள். இம்மூலக்கூறுகளும் அவ்வாறே ஒழுங்காகப் படிந்து இறுகுவதால், கெட்டியாயிருக்கும் வெண்ணெய், சரீர உஷ்ணத்தை நெருங்கியதும், சிறிது சிறிதாக இளகாமல், ஏறக்குறைய ஒரே சமயத்தில் உருகிவிடுகிறது. நாவில் சாக்லேட்டைக் கரையச் செய்யும் கொக்கோ வெண்ணெயின் ரகசியமும் இதுவே. ஆகையால்தான், சாக்லேட்டில் 5 சதவிகிதம்வரை வேறு கொழுப்புச் சேர்க்கலாம் என்று 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தபோது, அனுமதி பெற்ற ஆறு தாவரக் கொழுப்புகளில் மாங்கொட்டையும் ஒன்றாயிற்று.

உலகத்தில் மாம்பழம் மிகுதியாக விளைவது நம் தேசத்தில். ஆயினும் கொட்டையில் பெரும்பகுதி குப்பையாகவே போகிறது. ஈரத்தோடு குவித்த கொட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். பருப்பிலுள்ள நொதி கொழுப்பைச் சிதைத்து அமிலத்தன்மையை ஏற்றிவிடும். பிறகு சோப்புக்கு மட்டுமே அது தகும். கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைக்காரர்கள், கூழ் பிழிந்த கையோடு கொட்டையைக் கழுவிக் காயவைக்க ஒரு களம் ஒதுக்கிப் பார்க்கட்டும். வேறு லாபம் வராவிட்டாலும், குப்பையை வாரிக் கொட்டும் லாரி வாடகையேனும் மிஞ்சும்.