உங்களுக்குத் தெரியுமா? – உப்பும் சர்க்கரையும் காத்த சிசுக்கள்

1971-ஆம் ஆண்டு, கிழக்கு வங்கத்திலிருந்து பிராணபயத்துடன் ஓடிவந்த அகதிகள் மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் நெருக்குண்டு கிடக்க, காலரா பரவி, இரத்தநாளத்தின் வழியே செலுத்தும் திரவமும் தீர்ந்துபோன சமயத்தில், திலீப் மஹலனாபிஸ் என்னும் குழந்தை வைத்தியர், குளுக்கோஸும் உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரை, உறவினரையே தாதியராக்கிப் புகட்டச் செய்தார்; சுமார் 30 சதவீதமாயிருந்த மரண விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிற்று. குடல் குளுக்கோஸைக் கிரகிக்கையில் அது உப்பையும் நீரையும் உடனழைத்துச் செல்கிறது என்பதே இதன் சூட்சுமம். சர்க்கரை ருசிக்காக அன்று. குழந்தை வாந்தியெடுத்தால் சிகிச்சை தோற்றதென்று கிண்ணத்தைக் கவிழ்த்துவிடாமல், 10 நிமிஷம் பொறுத்து, சிறு கரண்டியால் மெல்ல மெல்ல மறுபடியும் தரவேண்டும். பேதி என்றதும் தாய்ப்பாலை நிறுத்துவதோ (சில வீடுகளில் இன்னும் நடக்கும் விபரீதம் இது) ஒருபோதும் கூடாது.