ஹாம்லெட்டுக்குத் தமிழ்ப் பெயர் என்ன தெரியுமா?

பெங்களூரு ஈஜிபுரா சிக்னலில் பஸ்ஸுக்காக நிற்கும் காலேஜ் பிள்ளைகளைப் பாருங்கள். அம்மாவிடம் போனில் தமிழ், கண்டக்டரிடம் கன்னடம், பைக்குள் ஷேக்ஸ்பியர்! இப்படிப் பல மொழிகளுக்கு நடுவே படித்தவர்கள் அந்தப் பழைய இலக்கியங்களுக்கு என்னென்ன பதில் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? படித்தால் அசந்துபோவீர்கள்!

பல்லாரி நாடகம் சென்னை மாணவரை மாற்றியது தெரியுமா?
1891. பல்லாரியிலிருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதைப் பார்த்து மெய்மறந்த பம்மல் சம்பந்த முதலியாருக்கு அப்போது வயது 18! அதே ஆண்டு நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பிறகு ஷேக்ஸ்பியரையே தமிழ் மேடைக்குக் கூட்டிவந்தார். பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஹாம்லெட் ‘அமலாதித்யன்’. மேக்பெத் ‘மகபதி’. சிம்பலின் ‘சிம்ஹளநாதன்’. வெனிஸ் நகரமோ ‘வாணீபுரம்’! ஓசையும் போகவில்லை, தமிழும் கெடவில்லை. என்ன காது அவருக்கு!

சிறைக்குள் ஒரு கம்பன் ஆய்வு தெரியுமா?
அதே பல்லாரிதான்! ‘தேசபக்தன்’ இதழில் வந்த கட்டுரைக்காக 1921இல் சிறைப்பட்ட அதன் ஆசிரியர் வ.வே.சு. ஐயர், பல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுதினார். ஹோமரையும் வர்ஜிலையும் மில்டனையும் பக்கத்தில் நிறுத்தி, கம்பனுக்கே மாலை சூட்டினார்!

கன்னடக் கவிஞர் குவெம்புவின் முதல் புத்தகம் கன்னடம் இல்லை தெரியுமா?
1922இல் வந்த அந்தச் சிறு நூல் ஆங்கிலக் கவிதைகள்! மைசூரில் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸிடம் தன் ஆங்கிலக் கவிதைகளைக் கொண்டுபோய்க் காட்டினார். ‘உன் தாய்மொழியில் எழுது’ என்பதே கசின்ஸ் சொன்ன அறிவுரை. அந்த ஒரு பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்! ஷேக்ஸ்பியரின் டெம்பஸ்ட் 1930இல் ‘பிருகாளி’ ஆனது. ஹாம்லெட் 1932இல் ‘ரக்தாக்ஷி’ ஆகி, கர்நாடகத்துப் பிதனூர் அரண்மனைக்குள் குடியேறியது. பிறகு ‘ஸ்ரீ ராமாயண தரிசனம்’. அதன் தொடக்கத்தில் உலக மகாகவிகளை அவர் வணங்கும் வரிசையில் தாந்தே, மில்டனோடு நம் கம்பரும் இருக்கிறார்! இந்தக் காவியத்துக்குத்தான் 1967இன் ஞானபீட விருது.

கன்னட எழுத்தாளர் ‘மாஸ்தி’ வீட்டில் பேசியது தமிழ் தெரியுமா?
மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் 1914இல் சென்னையில் ஆங்கில எம்.ஏ. முடித்தவர். பெங்களூரு கவிபுரத்தில் வாழ்ந்தவர். தமிழ் வீட்டுப் பிள்ளையான அவர்தான் ஷேக்ஸ்பியரின் கிங் லியரை ‘லியர் மகாராஜா’வாக்கிக் கன்னடம் பேச வைத்தார்!

மாடிக்கு ஒரு மொழி தெரியுமா?
மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் வீட்டில் மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே அடுப்படியில் அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம்! ஆங்கில இலக்கியம் படித்த அந்த மாணவர், பின்னாளில் 12ஆம் நூற்றாண்டுக் கன்னட வசனக் கவிதைகளை 1973இலும் நம்மாழ்வார் பாசுரங்களை 1981இலும் ஆங்கிலமாக்கி உலகத்தின் கையில் கொடுத்தார். தெருவும் அடுப்படியும் மாடியேறிப் போயின!

கவனித்தீர்களா? இவர்களில் யாரும் பழைய புத்தகத்தைப் படித்து, பரீட்சை எழுதி, மூடிவைத்துவிடவில்லை. தங்கள் வழியில் அதற்குப் பதில் சொன்னார்கள். ராமானுஜன் வீட்டின் மூன்று மொழிகளும் இன்றைக்கு ஈஜிபுராவின் ஒற்றை அறை வீடுகளில்கூட ஒன்றாக ஒலிக்கின்றன. எவ்வளவு பெரிய சொத்து!

மாணவர்களே, லியர் மகாராஜா சொத்தைப் பிரிக்க நினைத்தது மூன்று மகள்களுக்கு. அவர்கள் ஈஜிபுராவில் இருந்தால் எந்தக் கிராஸில் குடியிருப்பார்கள்? கடைக்குட்டி அப்பாவிடம் எந்த மொழியில் பேசுவாள்? இன்று ராத்திரியே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்!