கரைக்கு வராத அப்பா

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. சாய்ந்த மரங்கள், மின்கம்பங்கள், முறிந்த வாழைகள் எல்லாவற்றுக்கும் கணக்கு எடுத்தார்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் கணக்கு மட்டும் லேசில் முடியவில்லை. சுறா தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் ஆட்கள் இவர்கள். எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தவர்களில் பலர் திரும்பவில்லை, உடலும் வரவில்லை. டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தது, "கடலில் தேடுங்கள்" என்று கேட்டுத்தான்.

காணாமல்போனவரை இறந்தவராகக் கருத ஏழாண்டு ஆகவேண்டும் என்கிறது சட்டம். அதைத் தளர்த்தி 20 லட்சம் ரூபாய் நிவாரணம் தந்தது அரசு. நல்ல காரியம். ஆனால் "அப்பா எப்போ வருவாவ?" என்ற கேள்விக்கு எந்த அரசாணையிலும் பதில் இருக்காது.

இறப்பு உறுதியாகாத இழப்பில் துக்கம் தொடங்கவும் செய்யாது, தீரவும் செய்யாது என்று 1970-களிலேயே எழுதத் தொடங்கியவர் அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ். பிள்ளைகள் அதை வாயால் சொல்வதில்லை. எப்போதோ நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வரும். காரணம் தெரியாத வயிற்றுவலி வரும். அம்மா சந்தைக்குக் கிளம்பினாலே அலறல். "சின்னப்பிள்ளதானே, மறந்திரும்" என்கிறோம். இதைவிடத் தீங்கான ஆறுதல் வேறில்லை என்பேன். ஆபத்தை எதிர்பார்த்தே வளர்ந்த மூளை, ஆபத்து போன பிறகும் காவல் நிற்கிறது; அந்தப் பதற்றம் பெரியவனானதும் கோபமாகவோ குடியாகவோ தலைகாட்டலாம்.

1998-ல் ஃபெலிட்டி, அன்டா குழுவினர் அமெரிக்காவில் 9,500 பேருக்கு மேல் விசாரித்து வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்கள் பட்டவர்களுக்குக் குடிநோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி எல்லாமே பலமடங்கு அதிகம். அந்தப் பட்டியலில் புயல் இல்லை. வீட்டுக்குள் நடக்கும் அடி, குடி போன்றவைதான் இருந்தன. ஆனால் சம்பாதிக்கும் ஆள் போன வீட்டுக்குள் கடன் நுழைந்தால், அதன் பின்னாலேயே இவையும் நுழைய எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கரைக்கு ஒக்கி முதல் அடியும் இல்லை. சுனாமியின்போது ஐந்து வயதாக இருந்த குளச்சல் பிள்ளைக்கு ஒக்கி அடித்தபோது வயது பதினெட்டு. இரண்டாவது அடி முதல் அடியின் மேலேயே விழுகிறது.

அப்பா வெளிநாடு போயிருக்கிறார் என்று பிள்ளையிடம் பொய் சொல்லவேண்டாம். "தேடினோம், கிடைக்கல மக்களே" என்று அதற்குப் புரிகிற விதத்தில் சொல்லலாம். அழுதால் அழட்டும். நவம்பர் கடைசியில் காற்று பலக்கும்போது வகுப்பில் யார் ஒடுங்கிப்போகிறார்கள் என்று ஆசிரியர் பார்த்துவைப்பது நல்லது. கட்டணமில்லா மனநல உதவிக்கு 14416, குழந்தைகளுக்கு 1098. இரண்டிலும் தமிழிலேயே பேசலாம்.