சென்னையில் பழைய அடுக்ககங்களின் மறுகட்டுமானம்: தளப்பரப்பும் ஒப்புதலும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் காலிமனை அரிது. எனவே இங்கு மனைவணிக வளர்ச்சி பெரும்பாலும் பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடித்துக் கட்டுவதையே சார்ந்துள்ளது. கட்டுநரின் ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். தளப்பரப்புக் குறியீடு 1.5 ஆக இருந்த காலத்தில், நான்கு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி மனையில் 14,400 சதுர அடி கட்ட முடிந்தது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி குறியீடு 2. அதே மனையில் 19,200 சதுர அடி எழுப்பலாம். உரிமையாளர்களுக்கு முன்பிருந்த பரப்பை அளித்தபின் எஞ்சும் 4,800 சதுர அடியிலிருந்தே முழுக் கட்டுமானச் செலவும் மீளவேண்டும். மனைவிலை மிகுந்த இடங்களில் மட்டுமே இது இயலும். கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் குறியீடு சாலை அகலத்தைப் பொறுத்தது. தியாகராய நகரின் குறுகிய தெருக்களுக்கு அதனால் பயன் குறைவு.

ஆயினும் மூலதனத்தைவிட ஒப்புதலே பெருந்தடை எனலாம். முன்னர், பிரிபடாத பங்குடைய ஒருவர் மறுத்தாலே திட்டம் முடங்கக்கூடும். 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவே போதும் என்கிறது. மறுப்போர் அனைவரும் பேராசையினர் அல்லர். இடிப்பு முதல் குடியேற்றம் வரை வாடகை வீட்டில் வாழவேண்டிய முதியோரின் அச்சம் இயல்பே. அவ்வாடகையை ஏற்பவர் யார் என்பதை ஒப்பந்தமே கூறவேண்டும்.