கடல் கடந்த உறுமி

உறுமியின் ஒலியை அறியாதவர் நம் சங்கத்துக் குடும்பங்களில் எவரும் இரார். கோவைச் சீமையிலிருந்து ஆனைகட்டி வழியாக இந்த அகளிப் பக்கம் குடிவந்தோர் மண்வெட்டியோடும் விதைச் சோளத்தோடும் தம் தாளத்தையும் உடன் கொண்டுவந்தனர். ஒரு முகத்தில் வளைந்த குச்சியைத் தேய்த்து உறும வைப்பதும், மறு முகத்தில் மெல்லிய குச்சியால் அடித்துத் தாளத்தை நிறுத்துவதும் அக்கருவியின் இலக்கணம். மாரியம்மன் நோன்பிலும் துக்க வீட்டிலும் அதற்கு இடம் உண்டு. சபா மேடையில்தான் இடம் இல்லை. தோட்டக் கூலிகளாக மலேயாவுக்குச் சென்ற தமிழரும் இதை விட்டுச் செல்லவில்லை. அங்கே தைப்பூசத்தன்று காவடிக்கு முன் இன்றும் உறுமி மேளம் முழங்குகின்றது.

இதே உறுமி 2007ஆம் ஆண்டில் இலண்டனிலும் நியூயார்க்கிலும் இளைஞர் ஆடும் நடனக் கூடங்களில் முழங்கிற்று. முழங்கச் செய்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. மாதங்கி அருள்பிரகாசம் என்பது அவர் பெயர். வீட்டில் அழைக்கும் பெயர் மாயா. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்ற மூன்று எழுத்தால் அறியும். போர்க்களத்தில் காணாமற்போனவர்களைக் குறிக்க ஆங்கிலேயர் வழங்கும் குறியீடு அது. பிழைக்க ஊர் பெயர்ந்த குடும்பங்களாகிய நாம் அவருடைய வரலாற்றைத் தெரிந்துகொள்ளுதல் பொருத்தமுடையது என்று கருதியே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

முதற்கண் அவர் கையாளும் இசையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். வீணையும் மிருதங்கமும் பயின்ற செவிக்கு அது இசையே அன்று என்று தோன்றலாம். மின்கருவிகளால் தாளத்தை உண்டாக்கி, அதையே அடுக்கடுக்காகத் திரும்ப ஒலிக்கச் செய்து, மேலே பேச்சும் பாட்டுமாகச் சொற்களை வைப்பது அதன் முறை. இதன் வேர்களுள் ஒன்று ஜமைக்கா தீவில் இருக்கின்றது. கிங்ஸ்டன் நகரில் ஆஸ்பர்ன் ரட்டக் என்றொருவர் இருந்தார். கிங் டப்பி என்பது வழங்கு பெயர். ஒலிபெருக்கிகளையும் வானொலிப் பெட்டிகளையும் பழுது பார்ப்பது அவர் தொழில். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர், பதிவான பாட்டிலிருந்து பாடகரின் குரலை நீக்கினார். அடித்தாளத்தையும் கனத்த கீழ்ச் சுருதியையும் மட்டும் நிறுத்தினார். இடையிடையே ஒரு சொல்லை எதிரொலியாக எழுப்பி மறைத்தார். இதற்கு டப் என்று பெயர். பழுது பார்க்கும் மேசையில் ஓர் இசை பிறந்தது என்பது நமக்கு வியப்பாக இல்லை. கை பழகிய இடத்தில்தானே கலை பிறக்கும்!

ஜமைக்காவிலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்து சென்றவர்களோடு இந்த இசையும் கப்பலேறியது. இலண்டனில் நம் நாட்டவரின் பிள்ளைகள் இதைக் கேட்டு வளர்ந்தார்கள். 1993இல் அங்கே இளைஞருக்கு இசை கற்பிக்கும் பட்டறை ஒன்றில் அனிருத்த தாஸ் என்ற ஆசிரியரும், ஜான் பண்டிட் என்ற ஊழியரும், தீதர் சமான் என்ற மாணவரும் கூடி ஏஷியன் டப் பவுண்டேஷன் என்னும் குழுவைத் தொடங்கினர். ஆசிரியரும் மாணவரும் ஒரே மேடையில் நின்ற குழு அது. அவர்களுடைய ரஃபீஸ் ரிவெஞ்ச் என்ற இசைத்தட்டு 1998இல் மெர்க்குரிப் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே குடியேறிய தெற்காசியருக்கு நேர்ந்த அவமதிப்பையும் அநீதியையும் அவர்கள் பாடினார்கள். 2002இல் ஆங்கில அரசு அளிக்க முன்வந்த எம்.பி.இ. பட்டத்தை ஜான் பண்டிட் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் பயன்படும்.

இனி மாதங்கியின் கதைக்கு வருவோம். 1975 ஜூலையில் இலண்டனில் பிறந்த அவரை, ஆறு மாதக் குழந்தையாக இருக்கையில் பெற்றோர் யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுசென்றனர். தந்தையார் அருள்பிரகாசம், அருளர் என்ற பெயரில் ஈரோஸ் இயக்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். இயக்கத்துக்குச் சென்ற தந்தை வீட்டுக்கு எப்போதாவது வருவார். வந்தாலும் பிள்ளைகளுக்கு அவரை மாமன் என்றே அறிமுகப்படுத்துவார்களாம். குடும்பப் பாரம் முழுவதும் தாயார் கலாவின் தோளில் விழுந்தது. சிறிது காலம் சென்னையில் இருந்தார்கள். மீண்டும் யாழ்ப்பாணம் சென்றார்கள். போர் முற்றவே, 1986இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக இலண்டன் போய்ச் சேர்ந்தனர். மாதங்கிக்கு அப்போது பதினோராவது வயது தொடங்கும் தறுவாய். ஆங்கிலம் தெரியாது. தென் இலண்டனில் மிச்சம் என்னும் பகுதியில் அரசாங்கக் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. தாயார் தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார்.

பிறகு மாதங்கி செயிண்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஓவியமும் திரைப்படக் கலையும் பயின்று 2000இல் வெளிவந்தார். இசையை அவர் எந்த ஆசிரியரிடத்தும் முறையாகக் கற்றவர் அல்லர். எலாஸ்டிகா என்னும் ஆங்கில இசைக் குழுவுக்கு இசைத்தட்டு உறை வரையவும் படம் எடுக்கவும் சென்றவர், அப்பயணத்தில் பீச்சஸ் என்ற பாடகியிடமிருந்து ரோலண்ட் எம்.சி. 505 என்னும் தாளப் பெட்டி ஒன்றை இயக்கக் கண்டுகொண்டார். அதுவே அவருக்குக் குருகுலம். 2003இல் கலாங் என்ற முதற்பாட்டு 500 படிகள் மட்டுமே அச்சாயிற்று. 2005இல் முதல் இசைத்தட்டு வந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் அருளர். வீட்டில் இல்லாத தந்தையின் பெயரை முகப்பில் பொறித்தார். அதுவும் மெர்க்குரிப் பரிசின் இறுதிப் பட்டியலை எட்டியது.

இரண்டாவது இசைத்தட்டை அமெரிக்காவில் பதிவு செய்ய ஏற்பாடாகியிருந்தது. 2006இல் அமெரிக்க நுழைவு அனுமதி கிடைப்பதில் தடை ஏற்பட்டது. இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நமக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே: பயணச்சீட்டு உள்ளவர் ஏறலாம். கடவுச்சீட்டின் சட்டமோ வேறு. சீட்டு கையில் இருந்தாலும், நீ யார் மகள் என்ற கேள்வி இருக்கின்றது. அமெரிக்கக் கதவு சாத்தப்படவே அவர் உலகின் மறுபக்கம் திரும்பினார். இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகச் சென்று ஒலிகளைச் சேர்த்தார். சென்னையில் ஏ.ஆர். இரகுமான் தம்முடைய ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ள இசைந்தார். அங்கேதான் உறுமியும் பிற தோற்கருவிகளும் பதிவாயின. அமெரிக்க அனுமதி உரிய நாளில் கிடைத்திருந்தால் உறுமி இவ்வளவு தூரம் போயிருக்குமோ என்பது ஐயமே.

2007 ஆகஸ்டில் வெளிவந்த அந்த இசைத்தட்டுக்குக் கலா என்று பெயர். ஆம், தையல் வேலை செய்து வளர்த்த தாயாரின் பெயர். பேர்ட் ஃபுளூ, பாய்ஸ் என்ற பாட்டுகளில் உறுமி பக்கத் துணையாக ஒலிக்கவில்லை. முன்னால் நின்று வண்டியை இழுக்கின்றது. நம் திரையிசையில் கிராமக் காட்சி வரும்போது மட்டும் உறுமியை அழைத்து, காட்சி முடிந்ததும் அனுப்பிவிடுவது வழக்கம். மாதங்கி அதை நவீன நகரத்தின் குரலாகவே நடத்தினார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவரை மதிக்கலாம் என்பது நம் கருத்து.

அதே இசைத்தட்டில் பேப்பர் பிளேன்ஸ் என்ற பாட்டு இருக்கின்றது. குடியேறி வந்தவனைக் கண்டதும் இவன் திருடனோ, கள்ள அனுமதி செய்பவனோ என்று எண்ணும் மனிதரை ஏளனம் செய்வது அதன் பொருள். கிளாஷ் என்னும் ஆங்கிலக் குழுவினர் 1982இல், குடியேறிகளின் துயரைக் குறித்து வெளியிட்ட ஒரு பாட்டின் இசையே அதற்கு அடித்தளம். இடையில் துப்பாக்கி வெடிக்கும் ஓசையும் பணப்பெட்டி திறக்கும் ஓசையும் வரும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் துப்பாக்கி ஓசையை மாற்றி ஒலிபரப்பினர். ஏளனம் என்று உணராமல், குண்டோசையை மட்டும் விரும்பிக் கைதட்டும் இளைஞரும் உண்டு. அக்குறையைப் பாட்டின்மேலும் ஓரளவு சுமத்தத்தான் வேண்டும். 2008இல் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறிற்று. உள்ளே விடத் தயங்கிய நாடே அப்பாட்டைத் தெருவெங்கும் பாடியது.

2009 பெப்ருவரி 8ஆம் நாள் கிராமி விழாவில் நிறைமாதக் கர்ப்பிணியாக மேடையேறிப் பாடினார். மூன்று நாள் கழித்து மகன் பிறந்தான். ஸ்லம்டாக் மில்லியனேர் படத்தில் இரகுமானோடு இணைந்து ஆக்கிய பாட்டு அவ்வாண்டு ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது. புகழின் உச்சி அது. அதே மாதங்களில்தான் வன்னியில் போரின் இறுதிக் கட்டமும் நிகழ்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் அங்கே மாளும் பொதுமக்களைப் பற்றிப் பேசினார். புலிகளுக்குப் பரிந்து பேசுகிறார் என்று பழி வந்தது. தாம் வன்முறையை ஆதரிக்கவில்லை என்றார் அவர். மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. விருது மண்டபத்தில் நிற்கும்போது உறவினர் கதி என்னவோ என்று பதைத்திருக்கும் ஒரு பெண்ணின் நிலையை நம் தாய்மார்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர் செய்தவை யாவும் நமக்கு உடன்பாடு என்று கொள்ளற்க. 2012இல் அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளையில், கோடிக்கணக்கானோர் பார்த்திருக்க, விரலால் ஆபாசச் சைகை காட்டினார். ஆட்டக் கழகத்தார் பெருந்தொகை கேட்டு வழக்கு நடத்தினர். 2014இல் அது சமரசத்தில் முடிந்தது. வேண்டாத வேலை. தமிழ்த் தாளத்தை இவ்வளவு எடுத்தவர் தமிழ்ச் சொல்லை இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம் என்ற ஆதங்கமும் நமக்கு உண்டு.

நம் அட்டப்பாடியிலும் இத்தகைய ஒன்று நிகழ்ந்ததை அன்பர்கள் அறிவர். ஆடு மாடு மேய்த்துவந்த இருளர் குலத்து நஞ்சியம்மா, 2020இல் வெளிவந்த அய்யப்பனும் கோஷியும் என்ற மலையாளப் படத்தில், ஜேக்ஸ் பிஜோயின் இசையமைப்பில் தம் மொழியிலேயே பாடினார். 2022இல் சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. சுருதி சேர்த்துப் பயிலாதவருக்கு விருதா என்று சிலர் முணுமுணுத்தனர். அவருக்காகப் பரிந்து பேசிய பாடகர்களும் பலர். மாதங்கியை நோக்கி இலண்டனில் எழுந்த கேள்வியும் ஏறத்தாழ இதுவே. பத்து வயதில் மேடையேறிப் பல்லவி பாடாதவர் பாடகர் ஆகார் என்று நம் வீடுகளிலும் சொல்கிறோம். நம் பிள்ளை பெட்டியைத் தட்டித் தாளம் போட்டால், படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்று முதலில் அதட்டுபவரும் நாமே.

2020 ஜனவரியில் பக்கிங்ஹாம் அரண்மனையில் மாதங்கி எம்.பி.இ. பட்டம் பெற்றார். ஜான் பண்டிட் மறுத்த அதே பட்டம். ஏற்கலாமா என்று அவரைக் கேட்டவர்கள் இருந்தனர். அவர் ஏற்றதற்குக் காரணம் அரசியல் அன்று. இத்தகைய பதக்கங்களுக்குக் கையால் தையல் போடும் வேலையைத் தம் தாயார் 33 ஆண்டுகள் செய்துவந்தார் என்று அவரே தெரிவித்தார். பண்டிட்டின் மறுப்பிலும் நியாயம் உண்டு. மாதங்கி ஏற்றதிலும் நியாயம் உண்டு. இரண்டில் எது பெரிது என்று தீர்ப்புக் கூற நமக்குத் துணிவில்லை.

கலாவுக்குப் பின் மாயா, மாதங்கி, எய்ம் என்று இசைத்தட்டுகள் வந்தன. 2022இல் மாதா வந்தது. அவர் வாழ்வைப் பற்றி ஸ்டீவ் லவ்ரிட்ஜ் எடுத்த ஆவணப் படம் 2018இல் சண்டான்ஸ் விழாவில் சிறப்புப் பரிசு பெற்றது. இளம்பருவத்தில் மாதங்கி தாமே எடுத்த வீட்டுப் படச் சுருள்கள் அதில் மிகுதியாக உள்ளன. கேட்க விரும்பும் அன்பர்கள் பாய்ஸ் என்ற பாட்டிலிருந்து தொடங்குக. ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்து, வீட்டில் உறுமி கேட்டுப் பழகிய பெரியவர் இருந்தால் அவரையும் அருகில் அமர்த்திக்கொள்க. ஆங்கிலச் சொல் அவருக்கு விளங்காமற்போகலாம், அடி விளங்கும்.