உலகப் போரில் மூன்று கால் இயந்திரமா? வீடியோவை நம்பும் முன் சோதியுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் ஆசையாகப் பார்ப்பது வீடியோக்களைத்தான். உத்திரமேரூர் பக்கம் பெருநகரில் இருக்கும் என் சித்தப்பாவும் அப்படித்தான். கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கம்ப்யூட்டரை நான்தான் போய் இணைத்துக் கொடுத்தேன். மானிட்டரையும் ஸ்பீக்கரையும் சோதிக்க என் பென் டிரைவிலிருந்து நாலைந்து வீடியோ பைல்களைக் காப்பி செய்து ஓட்டிப் பார்த்தேன். அவற்றை அழிக்காமல் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

அதில் ஒரு பைலின் பெயர் 'முதல் உலகப் போர்'. மூன்று நிமிடம் ஓடும். கறுப்பு வெள்ளைப் படம், கோடு விழுந்த பழைய பிலிம், பதுங்கு குழியில் சிப்பாய்கள். அவர்களுக்குப் பின்னால் பனைமர உயரத்துக்கு மூன்று கால் இயந்திரம் ஒன்று நடந்து வரும்.

இரண்டு மாதம் கழித்து சித்தப்பாவிடமிருந்து போன். மாலையில் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுக்கு அந்த வீடியோவைக் காட்டி, "ஜெர்மன்காரன் ரகசியமாகச் செய்த மெஷின்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு பையன் அதைச் சரித்திரப் பரீட்சையில் எழுதிவிட்டான். வகுப்பே சிரித்திருக்கிறது. "தாத்தா கம்ப்யூட்டரில் காட்டினார்" என்றானாம். "இத்தனை வருஷம் பாடம் நடத்தினவன்ப்பா நான். இப்போ அந்தப் பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பேன்? இந்தப் பெட்டியை நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்றார். அந்த வாரமே ஊருக்குப் போனேன்.

அது என்ன படம்?

2013ல் பிரிட்டனிலும் கனடாவிலும் ஒளிபரப்பான 'தி கிரேட் மார்ஷியன் வார் 1913-1917' என்ற படத்தின் துண்டுதான் அது. முதல் உலகப் போர் நாடுகளுக்கிடையே நடக்காமல், செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவர்களை எதிர்த்து நடந்திருந்தால் எப்படி இருக்கும் என்ற கற்பனை. எச்.ஜி. வெல்ஸ் 1898ல் நூலாக வெளியிட்ட 'தி வார் ஆப் தி வேர்ல்ட்ஸ்' நாவல்தான் இதற்கு மூலம். பார்ப்பதற்கு அசல் ஆவணப்படம் போலவே இருக்கும். வயதான சிப்பாய்கள் பேட்டி கொடுப்பார்கள்; எல்லோரும் நடிகர்கள். இந்த வகைப் படத்துக்கு மாக்குமென்டரி என்று பெயர். ஏமாற்ற எடுத்த படமல்ல. முழுப் படத்தையும் பார்ப்பவர்களுக்கு இது கற்பனை என்று புரிந்துவிடும். மூன்று நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்தால்தான் குழப்பம்.

1938 அக்டோபர் 30ல் இதே நாவலை ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க ரேடியோவில், செய்தி அறிக்கை போன்ற நாடகமாக ஒலிபரப்பினார். தொடக்கத்திலேயே நாடகம் என்று அறிவித்தார்கள். நடுவில் ரேடியோவைத் திறந்தவர்களில் சிலர் உண்மை என்று பயந்துபோனார்கள். நாடே கலங்கியதாகப் பத்திரிகைகள் எழுதியது மிகை. ஆனால் தொடக்கத்தைக் கேட்காதவர் ஏமாந்தது நிஜம். பென் டிரைவில் வரும் துண்டு வீடியோவும் அப்படித்தான், தலையும் இல்லை, வாலும் இல்லை.

எப்படிச் செய்கிறார்கள்?

கண்ணாடித் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது போல நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் பழைய போர்க்காட்சி. அதன் மேல் கம்ப்யூட்டர் கிராபிக்ஸில் வரைந்த இயந்திரம். அதற்கும் மேல் புகை, தூசி. பழைய கேமரா எந்தப் பக்கம் ஆடுகிறதோ அதே அளவு இயந்திரமும் ஆடும்படி சாப்ட்வேர் கணக்கிட்டுக் கொடுக்கும். கடைசியாக எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி கீறலும் புள்ளியும் சேர்த்துவிட்டால் எது பழசு, எது புதுசு என்று கண்ணுக்குத் தெரியாது. இப்போது ஏஐ புரோகிராமிடம் எழுத்தில் கேட்டாலே வீடியோ தயாராகிவிடுகிறது. ஆகவே படம் தத்ரூபமாக இருப்பது எதற்கும் சாட்சி அல்ல.

நீங்களே சோதிப்பது எப்படி?

1. பைலின் பெயரை நம்பாதீர்கள். எந்த பைலையும் தேர்ந்தெடுத்து எப்2 கீயைத் தட்டினால் யாரும் பெயரை மாற்றலாம். 'முதல் உலகப் போர்' என்று பெயர் வைத்தது யார் என்று எனக்கே தெரியாது.

2. படத்தைத் தேடிப் பாருங்கள். விஎல்சி பிளேயரில் வீடியோ ஓடும்போது சந்தேகப்படும் இடத்தில் ஷிப்ட் கீயுடன் எஸ் கீயை அழுத்துங்கள். அந்தக் காட்சி புகைப்படமாகப் பிக்சர்ஸ் போல்டரில் சேவ் ஆகும். கூகுள் இமேஜஸ் பக்கத்தில் கேமரா ஐகானைக் கிளிக் செய்து அந்தப் படத்தைக் கொடுங்கள். அதே காட்சி வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். எங்களுக்குப் படத்தின் பெயர் இப்படித்தான் கிடைத்தது.

3. வருடங்களை ஒப்பிடுங்கள். இந்தப் படத்தில் போர் 1913ல் தொடங்கி 1917ல் முடிகிறது. உண்மைப் போர் 1914ல் தொடங்கி 1918ல் முடிந்தது.

4. வீடியோவுக்கு வெளியே தடயம் இருக்கிறதா என்று பாருங்கள். இதுதான் முக்கியம். அதே போரில் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அதற்குச் சாட்சியாக உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் கல்வெட்டுப் பலகை இருக்கிறது. அந்த நாள் பத்திரிகைகளில் செய்தி இருக்கிறது. கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்று நாம் இன்றும் சொல்கிறோம். ஒரே ஒரு கப்பல் ஒரு ராத்திரி வந்துபோனதற்கே இத்தனை தடயம். பனைமர உயர இயந்திரங்கள் வருடக்கணக்கில் ஐரோப்பாவில் நடந்திருந்தால், போருக்குப் போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களில் ஒருவராவது வீட்டுக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டாரா?

இதைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டு மாதிரின்னு சொல்லு. பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை முறையைப் போய்க் கண்ணால் பார்க்கலாம்" என்றார். அன்று மாலையே அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தாத்தா சொன்னது தப்புடா" என்று முதலில் ஒப்புக்கொண்டார். பிறகு நான்கு சோதனைகளையும் அவனையே செய்யச் சொன்னார். மவுஸ் அவன் கையில்தான் இருந்தது. எம்டன் விஷயத்தை அவன் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போனான்.

அந்த வீடியோவை நாங்கள் அழிக்கவில்லை. பைலை ரைட் கிளிக் செய்து, ரீநேம் கொடுத்து, 'செவ்வாய்ப் போர் - கற்பனைப் படம் - 2013' என்று பெயர் மாற்றினோம். நீங்களும் யாருக்காவது வீடியோ காப்பி செய்து கொடுத்தால், அது என்ன என்பதைப் பெயரிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.