கேம்ப் போகும் குடும்பத்துக்கு எத்தனை வாட்-மணி தேவை?

அட்டைப் பெட்டியில் 20,000 எம்.ஏ.எச். என்று கொட்டை எழுத்தில் போட்ட பவர் பேங்க் ஒன்று உங்களிடம் இருக்கிறது. உங்கள் போனின் பேட்டரி 5,000 எம்.ஏ.எச். அப்படியானால் போனை நான்கு முறை முழுதாகச் சார்ஜ் செய்யலாம் அல்லவா? முடியாது. மூன்று முறை வந்தாலே நல்ல பவர் பேங்க் என்று பாராட்டலாம்.

வீட்டில் இருக்கும்வரை இந்தக் கணக்கு நமக்குத் தேவைப்படுவதில்லை. பிளக்கில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் குடும்பத்துடன் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கப் போகிறீர்கள் என்றால், கொண்டு போகும் மின்சாரம்தான் உங்கள் மின்சாரம். அதனால் கூடாரம், ஸ்லீப்பிங் பேக் என்று பட்டியல் போடுவதற்கு முன் பேட்டரிக் கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் இது கட்டாயமாகவே இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கணக்கு.

எம்.ஏ.எச். என்பது பாதிக் கணக்கு

மில்லி ஆம்பியர்-மணியை மட்டும் வைத்து இரண்டு பேட்டரிகளை ஒப்பிட முடியாது. வோல்டேஜும் தெரிய வேண்டும். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாட்-மணி. பவர் பேங்கின் உள்ளே இருக்கும் லித்தியம் செல் 3.7 வோல்ட். 20 ஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கினால் 74 வாட்-மணி. யு.எஸ்.பி. வழியாக வெளியே வருவதோ 5 வோல்ட் அல்லது அதற்கு மேல். வோல்டேஜை ஏற்றும் சர்க்யூட்டிலேயே சுமார் 15 சதவீதம் சூடாகிப் போய்விடும். மிச்சம் 63 வாட்-மணி. போனின் பேட்டரி 5 ஆம்பியர்-மணி, 3.85 வோல்ட், அதாவது 19 வாட்-மணி. போனும் சார்ஜ் ஆகும்போது கொஞ்சம் சூடாக்கி வீணடிக்கும். ஆக மூன்று முறைதான்.

உங்கள் பவர் பேங்கின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று பொடி எழுத்தில் வேறொரு எண் இருக்கும். அதுதான் உண்மையில் உங்கள் கைக்கு வருவது.

அப்பாவின் இயந்திரம்

என் அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னை உண்டு. இரவு முழுவதும் சி-பாப் இயந்திரம் மாட்டிக்கொண்டுதான் தூங்குவார். முகமூடி வழியாகக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கருவி அது. அது வந்த நாளிலிருந்து, கரண்ட் இருக்குமா என்று உறுதியாகத் தெரியாத எந்த ஊரிலும் அப்பா இரவு தங்கியதில்லை. ஜவ்வாது மலையில் நண்பனுடைய நிலத்தில் கூடாரம் போடலாம் என்று அக்கா பிள்ளைகள் குதித்தபோது, "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்கப்பா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்றார். அப்பா இல்லாமல் போக அம்மாவுக்கு மனமில்லை. ஆகவே திட்டம் நடக்குமா நடக்காதா என்பது ஒரே ஒரு எண்ணில் வந்து நின்றது: அந்த இயந்திரம் ஓர் இரவுக்கு எத்தனை வாட்-மணி சாப்பிடுகிறது?

அடாப்டரில் 90 வாட் என்று போட்டிருந்தது. அது உச்ச அளவு. அதை அப்படியே எட்டு மணி நேரத்தால் பெருக்கினால் 720 வாட்-மணி வரும். பயந்துபோய்த் திட்டத்தைக் கைவிட்டிருப்போம். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டும் சின்ன வாட் மீட்டர் ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. அதை வாங்கி வைத்து அளந்தேன். ஹ்யுமிடிஃபையர் ஓடும்போது, அதாவது தண்ணீரைச் சூடாக்கிக் காற்றை ஈரமாக்கும் பகுதி ஓடும்போது, ஓர் இரவுக்குச் சுமார் 300 வாட்-மணி. அதை நிறுத்தினால் 75-தான்! மின்சாரத்தைக் குடிப்பது காற்றாடி அல்ல, ஹீட்டர். டாக்டரிடம் கேட்டோம். இரண்டு மூன்று இரவு ஹ்யுமிடிஃபையர் இல்லாமல் இருக்கலாம் என்றார். உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட கருவி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

இன்வெர்ட்டரைத் தவிருங்கள்

கைப்பிடி வைத்த பெட்டி போல வரும் 'போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன்' இப்போது எளிதாகக் கிடைக்கிறது. நாங்கள் எடுத்தது 300 வாட்-மணி, நான்கு கிலோ. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாகப் பார்த்து வாங்குங்கள். எடை சற்று அதிகம்தான். ஆனால் அதிக முறை சார்ஜ் செய்யலாம், சூட்டையும் நன்றாகத் தாங்கும்.

இதில் வீட்டு பிளக் போலவே 230 வோல்ட் பிளக் இருக்கும். எல்லோரும் அதில்தான் அடாப்டரைச் செருகுவார்கள். ஆனால் நடப்பதைப் பாருங்கள். பேட்டரியின் டி.சி. மின்சாரத்தை இன்வெர்ட்டர் 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்றுகிறது, அடாப்டர் அதை மறுபடியும் டி.சி.யாக மாற்றுகிறது. போதாததற்கு, இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி இருப்பதற்கே 5 முதல் 10 வாட் வரை எடுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 40 முதல் 80 வாட்-மணி. அப்பாவின் இயந்திரத்துக்குத் தேவையான அளவு அப்படியே வீண்!

சி-பாப் இயந்திரங்களுக்குக் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகும் டி.சி. கேபிள் தனியாக விற்கிறார்கள். சில இயந்திரங்கள் 12 வோல்ட், சில 24 வோல்ட். எனவே உங்கள் மாடலுக்கு உரியதையே வாங்க வேண்டும். லேப்டாப்புக்கும் இதே விதிதான். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் லேப்டாப்பை 230 வோல்ட் பிளக் பக்கமே கொண்டு போகாதீர்கள். (கேம்ப்புக்கு லேப்டாப் எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். நியாயமான கேள்வி.)

எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் மாட்டாதீர்கள்

300 வாட்-மணிப் பெட்டியில் கைக்குக் கிடைப்பது சுமார் 255. இரவுக்கு 75 என்றால் மூன்று இரவுக்கு மேல் வரும். நாங்கள் தங்குவது இரண்டு இரவு. மழையில் மலைச்சாலை அடைபட்டு ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தாலும் கவலையில்லை. ஆனால் அதே பெட்டியில் விளக்கு, ஐந்து போன், பிள்ளைகளின் டேப்லெட் எல்லாம் செருகினால் அந்த மூன்றாவது இரவு காணாமல் போய்விடும். சாப்ட்வேர் வேலையில் முக்கியமான டேட்டாபேஸ் இருக்கும் சர்வரில் வேறு எதையும் ஓட விடமாட்டோம். அதே பழக்கம் இங்கேயும். பெரிய பெட்டி அப்பாவுக்கு மட்டும். போன்களுக்கு 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க். விளக்குகளுக்கு ஏ.ஏ. செல்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டிலேயே ஓர் இரவு இயந்திரத்தை அந்தப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தோம். நடுவில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் சுவர் பிளக் இருக்கிறதே! இந்த ஒத்திகையைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். சில பெட்டிகள், எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் யாரும் பயன்படுத்தவில்லை என்று நினைத்துத் தானாகவே அணைந்துவிடும். செட்டிங்கில் அதை நிறுத்திவைக்க வேண்டும். இதை நடுக்காட்டில் கண்டுபிடிப்பதைவிடப் படுக்கையறையில் கண்டுபிடிப்பது மேல்.

மலையில் இரண்டு இரவும் அப்பா நன்றாகத் தூங்கினார். ஞாயிறு காலை பெட்டியின் திரையில் 40 சதவீதம் மிச்சம் காட்டியது. இயந்திரத்தின் சத்தம் மாமாவின் குறட்டைக்கு முன் கேட்கவே இல்லை.

சோலார் பேனல் வேண்டுமா?

இரண்டு இரவுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. 60 வாட் பேனல் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில், 25 டிகிரி செல் வெப்பம் என்ற சோதனைச் சாலைக் கணக்கில் 60 வாட். மலையில் மேகமும் மர நிழலும் இருக்கும். பேனலில் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி பெரிதும் சரியும். வெயில் போகும் பக்கமெல்லாம் அதைத் திருப்பி வைத்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். நான்கு நாட்களுக்கு மேல் தங்குவதானால் வாங்கலாம். மற்றபடி காரின் 12 வோல்ட் சாக்கெட்டே போதும். வண்டி ஓடும்போது அதிலிருந்து பெட்டியைச் சார்ஜ் செய்துகொள்ளலாம். வண்டி நிற்கும்போது வேண்டாம். காலையில் ஸ்டார்ட் ஆகாது.

விளக்கும் இருட்டும்

தலையில் மாட்டும் எல்.இ.டி. விளக்கு ஆளுக்கு ஒன்று. கையில் பிடிக்கும் டார்ச்சைவிட இது எவ்வளவோ மேல். ஒரு கையில் பிள்ளையையும் மறுகையில் தண்ணீர்க் குடத்தையும் பிடிக்கலாம். சிவப்பு வெளிச்சம் உள்ளதாகப் பாருங்கள். நம் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரு முறை வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்பில் அந்தப் பிரச்னை குறைவு. ஜவ்வாது மலையின் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இலிருந்து இருக்கிறது என்றால், நகர வெளிச்சம் எட்டாத இருட்டும் அதற்கு ஒரு காரணம். அந்த வானத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா?

சாப்பிடும் இடத்துக்கு லாந்தர். ஒரு ஏ.ஏ. ரீசார்ஜபிள் செல்லில் சுமார் 2.4 வாட்-மணி. நான்கு போட்டால் 1 வாட் லாந்தர் ஒன்பது மணி நேரம் எரியும். வெள்ளையைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சிகள் குறைவாக வரும். லாந்தர் இல்லாவிட்டால், போனின் டார்ச்சை மேல்நோக்கி வைத்து அதன் மேல் தண்ணீர் பாட்டிலை நிறுத்துங்கள். தண்ணீரில் சில சொட்டுப் பால் கலந்தால் பாட்டில் முழுவதும் ஒளிரும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய சி.டி.க்களுக்கும் இங்கே வேலை உண்டு. கூடாரத்தை இழுத்துக் கட்டும் கயிறுகளில் ஆளுக்கொன்றாகத் தொங்கவிடுங்கள். இரவில் டார்ச் பட்டதும் பளிச்சென்று மின்னும். கயிறு தடுக்கி யாரும் விழமாட்டார்கள்.

போன்

சிக்னல் இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித்தேடியே பேட்டரியைக் காலி செய்துவிடும். ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஜி.பி.எஸ். வேலை செய்யுமா என்று கேட்கலாம். செய்யும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிடமிருந்து கேட்பது மட்டுமே, எதையும் அனுப்புவதில்லை. டவரின் உதவி இல்லாததால் முதல் முறை இடத்தைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் முதல் சில நிமிடங்கள் வரை ஆகலாம். திறந்தவெளியில் பொறுமையாக நில்லுங்கள். மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துவிட வேண்டும். கூகுள் மேப்ஸில் ஆஃப்லைன் வசதி இருக்கிறது. ஓபன் ஸ்ட்ரீட் மேப்பைப் பயன்படுத்தும் ஆஸ்ம்அண்ட் போன்ற இலவச ஆப்களில் ஒற்றையடிப் பாதைகூடத் தெரியும்.

ஒரு போனை மட்டும் முழுச் சார்ஜுடன் அணைத்துத் தனியாக வையுங்கள். அவசரத்துக்கு 112-ஐ அழைக்கும்போது உங்கள் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும், எந்தக் கம்பெனி டவர் இருக்கிறதோ அதன் வழியாக அழைப்பு போகும். கூடாரம் அடித்ததும், எந்த மேட்டில் ஏறினால் சிக்னல் வருகிறது என்று பார்த்து எல்லோருக்கும் காட்டிவிடுங்கள். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து சாட்டிலைட் போன் வாங்கிவிடாதீர்கள். அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். வாக்கி-டாக்கி வேண்டுமென்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி வகைக்கு 2018 விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. மற்றவற்றுக்குத் தேவை.

கூடாரமும் அடுப்பும்

'4 பேர்' என்று விற்கும் கூடாரத்தில் மூன்று பேர் படுக்கலாம். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் தரையைவிட ஓர் அங்குலமாவது சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரை வாங்கி நேரே உங்கள் முதுகுக்கு அடியில் சேர்க்கும். குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் வரும். போர்வையைக் கூட்டுவதற்கு முன் அடியில் ஃபோம் பாய் போடுங்கள். காற்றுத் துளைகளை மூடாதீர்கள். இல்லாவிட்டால் மூச்சின் ஈரமே உள்ளே சொட்டும்.

எவ்வளவு குளிரினாலும் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டு போகக் கூடாது. அணைந்தது போலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். செல் போட்டு இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கிடைக்கிறது. அதை ஒரு கூடுதல் காவலாக வைத்துக்கொள்ளலாம், அடுப்பை உள்ளே வைக்க அனுமதிச் சீட்டாக அல்ல.

இடம் விஷயத்தில் ஒன்று: காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றிக் கூடாரம் போடக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீ நடந்த மாநிலம் இது. தெரிந்தவருடைய பட்டா நிலம் கிடைத்தால் அதுவே சிறந்தது. அங்கும் இருட்டுவதற்கு முன் சமையலை முடித்து, நெருப்பில் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் கூடாரத்தை மொட்டை மாடியில் விரித்து நன்றாகக் காயவைத்து மடியுங்கள். ஈரத்துடன் மடித்தால் பூசணம் பிடிக்கும். விளக்குகளிலிருந்து செல்களைக் கழற்றிவிடுங்கள். பவர் பேங்கையும் பெரிய பெட்டியையும் முழுதாக நிரப்பியோ, முழுதாகக் காலியாகவோ மாதக்கணக்கில் வைக்க வேண்டாம். பாதிக்குச் சற்று மேல் சார்ஜ் செய்து வெயில் படாத இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.